தொட்டி மீனும் ஒரு பிடி உப்பும்

தமிழர் வாழ்வில் உப்புக்கு உள்ள இடம் யாவரும் அறிந்ததே. உணவுக்குச் சுவையூட்டுவது உப்பு; நன்றிக்கு அடையாளமாக நாம் கூறுவதும் உண்ட வீட்டின் உப்பையே. மருவும் பருவும் நீங்க வேண்டுமென்று நேர்ந்துகொண்டு, கோயில் குளத்தில் உப்பும் மிளகும் இடுவது நம் நாட்டில் நெடுநாளைய வழக்கம். உப்பு நீரில் கரைவதுபோல் நோயும் கரைந்து போக வேண்டும் என்பதே அவ்வழக்கத்தின் உட்கிடை. ஆனால் அக்குளத்தில் வாழும் மீனுக்கு அந்த உப்பினால் நன்மையா தீமையா என்று வினவியவர் மிகச் சிலரே.

இன்று அவ்வினா நம் வீட்டுக் கூடத்திற்கே வந்துவிட்டது. டெல்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் பெங்களூரிலும் குடியேறி வாழும் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில், சிறுவர்களின் விருப்பத்திற்காக ஒரு கண்ணாடித் தொட்டியும் அதில் நான்கைந்து மீன்களும் இருப்பதைக் காண்கிறோம். ஒருநாள் காலையில் ஒரு மீன் துடுப்பைச் சுருக்கிக்கொண்டு மூலையில் ஒதுங்கி நிற்கிறது. குழந்தை கலங்குகிறது. வீட்டிலுள்ளோர் அடுக்களைக்குச் சென்று ஒரு பிடி உப்பை அள்ளி வந்து தொட்டியில் போடுகின்றனர். அந்தப் பிடி உப்பு சில வேளை மீனைக் காப்பாற்றுகிறது. சில வேளை அதன் உயிரைப் போக்கிவிடுகிறது. இவ்விரண்டிற்கும் இடையேயுள்ள வேறுபாடு எங்கிருந்து வருகிறது என்பதை, நாம் விட்டு வந்த தென்கோடி மண்ணிலிருந்தே தொடங்கி ஆராய்வோம்.

காட்டாக்கடையிலிருந்து நெய்யாற்றின்கரை, பாறசாலை வழியாகக் களியக்காவிளை வரையில் உள்ள நிலம் குளங்களாலும் வாய்க்கால்களாலும் பின்னப்பட்ட நிலமாகும். அகத்திய மலையில் தோன்றும் நெய்யாறு இவ்வூர்களுக்கு நீரூட்டிப் பூவாறு என்னுமிடத்தில் கடலோடு கலக்கின்றது. 1956 நவம்பர் முதல் நாள் வரையில் இவை யாவும் ஒரே ஆட்சியின் கீழ் இருந்தன. அந்நாளில் தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்கள் அன்றைய சென்னை மாநிலத்துடன் இணைந்து கன்னியாகுமரி மாவட்டமாயின. நெய்யாற்றின்கரையும் தமிழகத்துடன் சேர வேண்டுமெனத் திருவிதாங்கூர்த் தமிழ்நாடு காங்கிரஸ் கோரியிருந்தது. ஆயினும் அவ்வட்டம் கேரளத்திலேயே நின்றது. காட்டாக்கடை 2014ஆம் ஆண்டில் தனி வட்டமாயிற்று. பாறசாலை ஒரு மாநிலத்தில், களியக்காவிளை மற்றொரு மாநிலத்தில் என்று மனிதர் வரைந்த எல்லையை மக்கள் அறிவர். நீரும் மீனும் அதனை அறிய மாட்டா. மீனுக்கு வரும் நோயும் அவ்வாறே எல்லையறியாது என்பதைப் பின்னர்க் காண்போம்.

மீனுக்கும் உப்புக்கும் உள்ள உறவை இயற்கையே எடுத்துக்காட்டும் இடம் பூவாற்றுப் பொழிமுகம். ஆற்று நீரும் கடல் நீரும் அங்கே கலக்கின்றன. மழைக்காலத்தில் உவர்ப்புக் குறைந்தும் கோடையில் மிகுந்தும் நீர் மாறிக்கொண்டே இருக்கும். கரிமீன் போன்றவை இம்மாறுதலுக்கு ஈடுகொடுத்து, நன்னீரிலும் உவர்நீரிலும் ஒருங்கே வாழ வல்லவை. கேரள அரசு 2010ஆம் ஆண்டில் கரிமீனை மாநில மீனாக அறிவித்தது. குளத்து வராலும் கெண்டையும் கெளுத்தியும் கரிமீனைப் போன்றவை அல்ல. அவை நன்னீருக்கே பிறந்தவை. ஆயினும் அவற்றின் குருதியிலும் உப்பு உண்டு. இந்த உண்மையில்தான் மீன் மருத்துவத்தின் வேர் இருக்கிறது.

கடல் நீர் ஒரு லிட்டரில் ஏறத்தாழ 35 கிராம் உப்பு உள்ளது. நன்னீர் மீனின் குருதியில் ஏறத்தாழ அதில் நான்கில் ஒரு பங்கு உப்பு உண்டு. குளத்து நீரிலோ உப்பு மிகமிகக் குறைவு. இதன் விளைவாகச் சுற்றியுள்ள நீர் செவுள் வழியாக மீனின் உடலுக்குள் இடையறாது புகுந்துகொண்டே இருக்கிறது. உடலிலுள்ள உப்பு வெளியே கசிந்துகொண்டே இருக்கிறது. புகுந்த நீரைச் சிறுநீராக வெளியேற்றவும், இழந்த உப்பை மீண்டும் ஈர்த்துக்கொள்ளவும் மீன் இராப்பகலாக உழைக்கின்றது. உடல்நலத்தோடு இருக்கும்போது இவ்வுழைப்பு அதற்குச் சுமையன்று. செதில் பெயர்ந்தாலோ, தோலில் புண் உண்டானாலோ, செவுள் பழுதுபட்டாலோ, திறந்த வாயில் வழியே நீர் வெள்ளமாய்ப் புகுகின்றது. அப்போது தொட்டி நீரில் சிறிதளவு உப்புக் கரைந்திருந்தால், உள்ளுக்கும் வெளிக்கும் உள்ள வேறுபாடு குறைகிறது. மீனின் சுமையும் குறைகிறது. நோயுற்றவருக்கு நாம் உப்பிட்ட கஞ்சி கொடுப்பதற்கும் இதற்கும் ஓர் ஒப்புமை உண்டு. உப்பு முதலில் ஊன்றுகோல். அதன் பின்னரே மருந்து.

மனிதர் உப்பையும் மீனையும் சேர்த்து நினைத்தது நெடுங்காலம் வேறொரு நோக்கத்திற்காகவே. செத்த மீன் கெடாதிருக்க உப்பிட்டுக் கருவாடாக்குவதே அந்நோக்கம். அதற்கும் தடை வந்தது. 1865ஆம் ஆண்டில் சென்னை அரசும் திருவிதாங்கூரும் கொச்சியும் செய்துகொண்ட வாணிக உடன்படிக்கையின்படி, பிரிட்டிஷ் இந்தியாவில் விற்கும் விலைக்கே திருவிதாங்கூரிலும் உப்பு விற்கப்பட வேண்டியதாயிற்று. அப்போது திவானாக இருந்தவர் கும்பகோணத்தில் பிறந்த சர் டி. மாதவராவ். தாமரைக்குளம் முதலிய உப்பளங்களில் கதிரவன் விளைத்துத் தரும் உப்பு, அருகிலிருந்த ஏழைக்கே அரிய பண்டமாயிற்று. சென்னைப் படையில் மருத்துவராகப் பணியாற்றிப் பின்னர் மீன்வளத்துறைத் தலைமைக் கண்காணிப்பாளராக விளங்கிய பிரான்சிஸ் டே என்பார், வரியின் கொடுமையால் மீன் பதனிடுவோர் போதிய உப்பின்றித் தவிப்பதை எடுத்துரைத்தார். வரியில்லா உப்பு வழங்கும் மீன் பதனிடும் களங்கள் அதன்பின் சென்னை மாகாணக் கடற்கரையில் ஏற்பட்டன. உப்பு வரி முற்றிலும் ஒழிந்தது 1947ஆம் ஆண்டிலேயாம். இன்று நாம் தொட்டி மீனுக்காக எண்ணிப் பாராமல் அள்ளும் பிடி உப்பு, நம் பாட்டனார் காலத்தில் கணக்குப் பார்த்தே செலவழிக்கப்பட்ட பொருளாகும்.

அதே டே என்பார் மீன்களின் வகைகளை ஆராய்ந்து எழுதிய பெருநூல்கள் இன்றும் போற்றப்படுகின்றன. 1865ஆம் ஆண்டில் அவர் திருவிதாங்கூரின் முண்டக்கயத்துப் பகுதியிலிருந்து கிடைத்த ஒரு சிறு மீனை விவரித்து, அன்றைய சென்னை ஆளுநர் டெனிசனின் பெயரை அதற்குச் சூட்டினார். உடலில் சிவப்புக் கோடு ஓடும் அந்த மீனை இன்று ‘மிஸ் கேரளா’ என்று வணிகர் அழைக்கின்றனர். உலகெங்கும் கண்ணாடித் தொட்டிகளில் அதற்கு மதிப்பு உண்டு. மிகுதியாகப் பிடிக்கப்பட்டமையால் அது 2010ஆம் ஆண்டில் அழிவை நோக்கும் இனமாகப் பட்டியலிடப்பட்டது. நம் மலையோடையில் பிறந்த மீன் அயல்நாட்டுத் தொட்டியில் நீந்துகிறது. சீனத்தில் பிறந்த தங்கமீனும் சயாமில் பிறந்த சண்டைமீனும் நம் வீட்டுத் தொட்டியில் நீந்துகின்றன. ஊர்விட்டு ஊர்சென்று வாழ்வோர் மனிதர் மட்டும் அல்லர்.

கண்ணாடித் தொட்டியில் மீன் வளர்க்கும் கலையும் அதே 19ஆம் நூற்றாண்டிலேயே பரவியது. 1853ஆம் ஆண்டில் இலண்டன் விலங்குக் காட்சிச்சாலையில் மீன்களுக்கென ஒரு மண்டபம் திறக்கப்பட்டது. அடுத்த ஆண்டில் பிலிப் ஹென்றி காஸ் என்பார் எழுதிய நூல், வீடுகளில் மீன் தொட்டி வைக்கும் ஆர்வத்தை ஆங்கில நாடெங்கும் தூண்டியது. நம் நாட்டில் சென்னைக் கடற்கரையில் 1909ஆம் ஆண்டில் மீன் காட்சிச்சாலை திறக்கப்பட்டது. இரண்டாம் உலகப் போரின் காலத்தில் அது மூடப்பட்டது. பம்பாயில் 1951ஆம் ஆண்டில் தாராப்பூர்வாலா மீன் காட்சிச்சாலை திறக்கப்பட்டது. சென்னையின் கொளத்தூர் இன்று அலங்கார மீன் வாணிகத்திற்குப் பெயர்பெற்றது. நெய்யாற்றின்கரை வட்டத்தைச் சேர்ந்த விழிஞ்ஞத்தில், மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் நிலையம் கடல் அலங்கார மீன் வளர்ப்புப் பற்றியும் ஆய்ந்துள்ளது. தொட்டிகள் பெருகப் பெருக, தொட்டிக்குள் நோயும் பெருகியது. பல மீன்களைச் சிறு இடத்தில் அடைத்தால் நோய்க்கு அதுவே திருவிழா.

அந்நோய்களுள் வீட்டுத் தொட்டியில் மிகுதியாகக் காண்பது வெண்புள்ளி நோய். மீனின் உடலிலும் துடுப்பிலும் உப்புத் தூள் தூவியதுபோல் வெண்மையான புள்ளிகள் தோன்றும். மீன் கல்லிலும் மணலிலும் உடலை உரசிக்கொள்ளும். புக்கே என்ற பிரெஞ்சு அறிஞர் 1876ஆம் ஆண்டில் இதற்குக் காரணமான நுண்ணுயிரை விவரித்தார். ஒவ்வொரு புள்ளியினுள்ளும் ஓர் ஒட்டுண்ணி மீனின் சதையைத் தின்று வளர்கின்றது. வளர்ந்தபின் அது மீனை விட்டு விழுந்து, தொட்டியின் அடியில் கூடு கட்டிக்கொண்டு, நூற்றுக்கணக்கான குஞ்சுகளாகப் பிரிகின்றது. அக்குஞ்சுகள் வெளிவந்து நீந்திச் சென்று, ஓரிரு நாட்களுக்குள் ஒரு மீனைப் பற்றிக்கொள்ள வேண்டும், இன்றேல் மடியும். தோலுக்குள் இருக்கும்போதும் கூட்டுக்குள் இருக்கும்போதும் உப்போ மருந்தோ அவ்வுயிரை எளிதில் அணுகாது. நீந்தித் திரியும் அந்தச் சிறு காலமே அதைக் கொல்வதற்கு ஏற்ற காலம். புள்ளி மறைந்ததும் நோய் தீர்ந்தது என்று மகிழ்ந்து மருத்துவத்தை நிறுத்துவோர், சில நாட்களுக்குப்பின் முன்னிலும் பன்மடங்கு புள்ளிகளைக் காண்பதன் காரணம் இதுவே.

மற்றொன்று பூசண நோய். காயம்பட்ட இடத்தில் பஞ்சு ஒட்டியதுபோல் வெண்மையாகப் படரும். ஐரோப்பிய ஆறுகளில் சால்மன் மீன்கள் இந்நோயால் கூட்டங்கூட்டமாக மடிந்தபோது, புகழ்பெற்ற உயிரியல் அறிஞர் ஹக்ஸ்லி மீன்வளக் கண்காணிப்பாளர் என்ற முறையில் அதனை ஆராய்ந்து 1882ஆம் ஆண்டில் எழுதினார். மீன் பண்ணைகளில் முட்டையையும் மீனையும் பூசணத்திலிருந்து காக்க உப்பு நீரில் நனைத்தெடுக்கும் முறை பழக்கத்தில் நிலைத்தது. நம் தமிழகத்திலும் நீலகிரியின் அவலாஞ்சியில் 1907ஆம் ஆண்டில் டிரவுட் மீன் பொரிப்பகம் அமைந்தது. குளிர்ந்த மலைநீரில் அயல்நாட்டு மீனை வளர்க்க முயன்ற அக்காலத்தில், மீனையும் ஒரு நோயாளியாக நோக்கும் பார்வை உலகெங்கும் பரவத் தொடங்கியிருந்தது.

உப்புக்குத் துணையாக மற்ற மருந்துகளும் வந்தன. அவற்றின் பிறப்பு வியப்பிற்குரியது. வெண்புள்ளி நுண்ணுயிர் விவரிக்கப்பட்ட அதே 1876ஆம் ஆண்டில், ஜெர்மனியில் ஹைன்ரிக் காரோ என்ற வேதியியலறிஞர் மெத்திலின் நீலத்தை உருவாக்கினார். மறு ஆண்டில் மாலகைட் பச்சை பிறந்தது. இரண்டும் துணிக்குச் சாயமிடுவதற்காகப் பிறந்தவை. 1891ஆம் ஆண்டில் பால் எர்லிக்கும் அவர் தோழரும் மெத்திலின் நீலத்தை மலேரியாக் காய்ச்சலுக்கு மருந்தாகக் கொடுத்துப் பார்த்தனர். பின்னர் அது மீன் தொட்டிக்கும் வந்தது. மாலகைட் பச்சை 1930களில் மீனின் பூசண நோய்க்குப் பயன்படலாயிற்று. ஆனால் அதன் எச்சம் மீனின் சதையில் தங்கி, உண்போருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என்ற அச்சத்தால், உணவுக்காக வளர்க்கும் மீன்களில் அதனைப் பயன்படுத்த இந்தியா உள்ளிட்ட பல நாடுகள் தடை செய்துள்ளன. அலங்கார மீனுக்கென்று கடையில் விற்கும் புட்டிகளில் அது இன்றும் உண்டு. கையுறையின்றி அதனைத் தொடுதல் கூடாது. சிறுவர் கைக்கு எட்டும்படி வைத்தலும் கூடாது.

பொட்டாசியம் பெர்மாங்கனேட்டை நம் முதியோர் நன்கறிவர். வாந்திபேதி பரவிய காலத்தில் கிணற்றிலிட்டு நீரைச் சிவப்பாக்கிய மருந்து அது. ஆக்ராவில் பணியாற்றிய ஹாங்கின் என்ற நுண்ணுயிரறிஞர் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அம்முறையைப் பரப்பினார். மீன் குளங்களிலும் அது பயன்படுகின்றது. ஆனால் அங்கு அளவு மில்லிகிராமில் பேசப்படுகின்றது. கிணற்றில் ஒரு சிட்டிகை போட்ட பழக்கத்தில் தொட்டியிலும் ஒரு சிட்டிகை போடுவோர் மீனின் செவுளை எரித்துவிடுகின்றனர். நுட்பமான தராசு இல்லாத வீட்டில் அம்மருந்தைத் தொடாதிருப்பதே நன்று.

உப்பின் வலிமையை ஆய்வுக்கூடத்தில் அன்றி, ஒரு நாடே காணுமாறு காட்டிய நிகழ்ச்சி ஒன்று கேரளத்தில் நேர்ந்தது. 1971இல் ஜப்பானிலும் 1972இல் ஆஸ்திரேலியாவிலும் காணப்பட்ட ஒரு புண் நோய், தென்கிழக்கு ஆசியா வழியாகப் பரவி, 1987ஆம் ஆண்டின் இறுதியில் இலங்கையையும் 1988இல் நம் வடகிழக்கு மாநிலங்களையும் அடைந்தது. 1991ஆம் ஆண்டில் அது கேரளத்தில் குட்டநாட்டு நீர்நிலைகளில் தோன்றியது. வரால் முதலிய மீன்கள் உடலெல்லாம் சிவந்த புண்ணோடு கரையோரத்தில் மிதந்தன. அந்நோய் மனிதருக்குத் தொற்றுவதன்று. ஆயினும் மக்கள் அஞ்சி எந்த மீனையும் வாங்க மறுத்தனர். மீன் பிடித்தும் விற்றும் வாழ்ந்த எளியோர் அடுப்பில் நெருப்பின்றி வாடினர். ஒரு நீர்ப்பூசணமே அந்நோய்க்கு வேர் என்று பின்னர்த் தெளிவாயிற்று. அப்பூசணம் நன்னீரில் செழிக்கும். உவர்ப்பு ஏறிய நீரில் பெரும்பாலும் பரவாது. குளங்களுக்குச் சுண்ணாம்பு இடும் முறை பரவலாகக் கையாளப்பட்டது. புவனேசுவரத்திலுள்ள மத்திய நன்னீர் மீன்வளர்ப்பு நிறுவனம் ‘சிஃபாக்ஸ்’ என்னும் மருந்தையும் உருவாக்கி அளித்தது. ஏரிக்கும் தொட்டிக்கும் அளவில்தான் வேறுபாடு, விதி ஒன்றே.

இனி, இவ்வரலாறு தரும் அறிவைக் கொண்டு வீட்டில் செய்யத்தக்கவற்றைக் காண்போம். மீன் நோயுற்றது கண்டவுடன் நாட வேண்டியது மருந்தை அன்று, நீரையே. உண்ணாமல் விட்ட தீனியும் கழிவும் அழுகுவதால் நீரில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் சேர்கின்றன. பாதி நோய்கள் இவற்றின் விளைவே. முதலில் நாலில் ஒரு பங்கு நீரை மாற்றிப் பாருங்கள். நகராட்சிக் குழாய் நீரில் குளோரின் உண்டு. அதைத் திறந்த பாத்திரத்தில் ஒரு நாள் வைத்திருந்து ஊற்றுதல் வேண்டும். வெப்பமும் பழைய நீருக்கு ஒத்திருத்தல் வேண்டும். நைட்ரைட்டு நஞ்சாகி மீனின் குருதி பழுப்பாகும் நிலையிலும், உப்பிலுள்ள குளோரைடு அந்நஞ்சு செவுள் வழியே புகாமல் தடுக்கிறது என்பதை 1970களில் அறிஞர் கண்டனர்.

அடுத்து, தொட்டியில் உள்ள நீரின் அளவை அறிதல் வேண்டும். நீளம் 60, அகலம் 30, நீரின் உயரம் 25 சென்டிமீட்டர் எனக் கொள்வோம். இம்மூன்றையும் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் 45 லிட்டர். கல்லும் மணலும் அடைத்துக்கொண்ட இடத்தைக் கழித்தால் ஏறத்தாழ 40 லிட்டர். லிட்டருக்கு 1 கிராம் என்ற கணக்கில் 40 கிராம் கல்லுப்பை நிறுத்து எடுத்து, தனிப் பாத்திரத்தில் முற்றும் கரைத்து, சிறிது சிறிதாக ஊற்ற வேண்டும். உப்புக் கல்லை அப்படியே மீனின்மேல் போடலாகாது; அது படும் இடம் வெந்துபோகும். மறுநாள் மீன் தளராமல் இருந்தால் இன்னும் 40 கிராம். அதற்கு மறுநாள் மற்றொரு 40 கிராம். இவ்வாறு லிட்டருக்கு 3 கிராம் வரை உயர்த்தி, வெண்புள்ளி நோய்க்கு இரண்டு வாரம் வரை வைத்திருக்கலாம். கடைசிப் புள்ளி மறைந்தபின்னும் நான்கைந்து நாள் பொறுத்திருத்தல் இன்றியமையாதது. வெப்பமான நீரில் ஒட்டுண்ணியின் வாழ்க்கைச் சுற்று ஒரு வாரத்திற்குள் முடியும். குளிர்ந்த நீரில் வாரக்கணக்கில் நீளும். ஆகவே டெல்லியின் தை மாதக் குளிரில் வாழ்வோர், சென்னையில் இருப்போரைவிட நெடுநாள் பொறுக்க வேண்டியிருக்கும்.

இங்கே உப்பளம் நமக்கு ஒரு பாடம் கற்பிக்கிறது. நாகர்கோவிலுக்குத் தெற்கே உப்பளங்களில் நீர் ஆவியாகிச் செல்கின்றது, உப்புத் தங்குகின்றது. தொட்டியிலும் அவ்வாறே. குறைந்த நீரை ஈடுசெய்ய வெறும் நீரையே ஊற்ற வேண்டும். ஒவ்வொரு முறையும் உப்புச் சேர்த்தால் தொட்டி கடலாகிவிடும். நீரை முகந்து வெளியேற்றினால்தான் உப்பும் வெளியேறும். மேலே கூறிய தொட்டியில் 10 லிட்டர் நீரை மாற்றினால் 30 கிராம் உப்பு வெளியேறுகின்றது. மருத்துவம் தொடரும் நாட்களில் அந்த 30 கிராமை மட்டும் மீண்டும் சேர்க்கலாம். நோய் நீங்கியபின் உப்பில்லா நீரால் சில நாட்கள் மாற்றி மாற்றிப் பழைய நிலைக்குக் கொணர வேண்டும். ஆண்டு முழுதும் உப்பு நீரிலேயே வைத்திருப்பது காய்ச்சல் இல்லாதவனுக்கு நாள்தோறும் கஷாயம் கொடுப்பதை ஒக்கும்.

செதிலில்லாத கெளுத்தி இனங்கள் உப்பை எளிதில் தாங்கா. அவற்றிற்குப் பாதியளவோடு நிறுத்துக. நீர்ச்செடிகளும் வாடிவிடும். ஆதலின் நோயுற்ற மீனைத் தனிப் பாத்திரத்தில் வைத்து மருத்துவம் செய்வது பல வகையிலும் ஏற்றது. ஆனால் வெண்புள்ளி கண்டால் தொட்டி முழுவதற்கும் மருத்துவம் வேண்டும். ஏனெனில் பகை மீனின் உடலில் மட்டுமன்றித் தொட்டியின் அடியிலும் இருக்கின்றது. பூசணம் படர்ந்த ஒரு மீனுக்குக் குளியல் முறை உண்டு. லிட்டருக்கு 10 கிராம் உப்புக் கரைத்த நீரில் ஐந்து முதல் பத்து நிமிடம் வைத்து, அருகிலேயே நின்று பார்த்து, மீன் புரளத் தொடங்கினால் அக்கணமே எடுத்துவிட வேண்டும். மெத்திலின் நீலத்தைப் புட்டியில் குறித்த அளவுப்படி தனிப் பாத்திரத்தில் மட்டுமே பயன்படுத்துக. பெருந்தொட்டியில் ஊற்றினால், வடிகட்டியில் தங்கிக் கழிவை மாற்றும் நல்ல நுண்ணுயிர்களையும் அது அழித்துவிடும்.

எந்த உப்பு என்ற ஐயமும் பலருக்கு உண்டு. அயோடின் சேராத உப்பை நேரடி உணவுக்கு விற்றல் 2006 முதல் நம் நாட்டில் தடை செய்யப்பட்டுள்ளது. எனவே கடையில் கிடைப்பது பெரும்பாலும் அயோடின் உப்பே. அது மீனைக் கொன்றுவிடும் என்ற அச்சம் மிகையானது. அதிலுள்ள அயோடின் மிகச் சிற்றளவே. வேறு சேர்க்கைகள் இல்லாத கல்லுப்புக் கிடைப்பின் அதுவே சிறந்தது. பேதியுப்பு வேறு, சமையல் உப்பு வேறு, பெயரொற்றுமையால் மயங்கலாகாது.

வீட்டில் எஞ்சிக் கிடக்கும் நுண்ணுயிர்க்கொல்லி மாத்திரைகளைப் பொடித்துத் தொட்டியில் போடும் வழக்கம் சில இடங்களில் காணப்படுகின்றது. இது பெருந்தவறு. அம்மருந்துகள் பூசணத்தையும் வெண்புள்ளியையும் தீர்க்க மாட்டா. அந்நீர் சாக்கடையிற் கலந்து, மருந்துக்கு அடங்காத கிருமிகளை வளர்க்கும். நாளை அம்மருந்து நம் குழந்தைக்கே பயனின்றிப் போகலாம். இவ்வபாயத்தை உணர்ந்தே கேரள அரசு 2018ஆம் ஆண்டில் இதற்கெனத் தனிச் செயல்திட்டம் வகுத்தது. உப்பினாலும் தூய நீராலும் தீராத நோயைக் கால்நடை மருத்துவரிடமோ மீன்வளத்துறை அலுவலரிடமோ காட்டுவதே முறை.

இறுதியாக ஒன்று. பிழைக்காது என்று தோன்றும் மீனை, பாவம் என்று இரங்கி, அருகிலுள்ள குளத்திலோ ஆற்றிலோ விட்டுவிடுவோர் உளர். விடுமுறையில் ஊருக்கு வரும்போது தொட்டி மீன்களைக் கொணர்ந்து ஊர்க்குளத்தில் விடுவோரும் உளர். அவர்தம் நெஞ்சின் ஈரத்தை நாம் குறைகூறவில்லை. ஆயினும் நாடு விட்டு நாடு, நீர் விட்டு நீர் சென்ற மீன்களோடுதான் புண் நோய் பரவியது என்பதை மறத்தல் ஆகாது. 2018ஆம் ஆண்டுப் பெருவெள்ளத்திற்குப்பின், அரபைமா போன்ற அயல்நாட்டுப் பெருமீன்கள் கேரள ஆறுகளில் அகப்பட்டன. பாறசாலையிலோ காட்டாக்கடையிலோ உள்ள ஒரு சிறு குளத்தில் விடப்படும் ஒரு நோய்மீன், வாய்க்கால் வழியே எத்தனை ஏலாக்களுக்கும் எத்தனை குளங்களுக்கும் செல்லும் என்பதைக் கணித்தல் இயலாது. இறந்த மீனை மண்ணில் புதைத்துவிடுங்கள். தொட்டி நீரைக் குளத்தில் ஊற்றாது கழிவுக் குழாயில் விடுங்கள். வலையையும் பாத்திரத்தையும் வெயிலில் நன்கு உலர்த்துங்கள்.

‘அளவுக்கு மிஞ்சினால் அமுதமும் நஞ்சு’ என்று நம் முன்னோர் கூறியது மனிதருக்கு மட்டும் அன்று. உப்புப் பழையது, மலிவானது, ஒவ்வொரு வீட்டிலும் உள்ளது. அதனை மருந்தாக்கியது நூற்றைம்பது ஆண்டுகளாகப் பலர் நிறுத்தும் அளந்தும் கண்ட அறிவு. பிடி என்பது ஒவ்வொருவர் கைக்கும் வேறு. கிராம் என்பது எவர் கைக்கும் ஒன்றே. வெளிமாநிலத்து அடுக்கு வீட்டில் வளரும் நம் குழந்தை, நோயுற்ற ஒரு சிறு மீனுக்காகத் தராசில் உப்பை நிறுத்து, நீரை அளந்து, நாட்களை எண்ணிப் பொறுத்திருக்குமானால், அதற்கு இரக்கமும் கணக்கும் ஒருங்கே கைவரும். இரண்டில் ஒன்று குறைந்தாலும் மீன் பிழைப்பது அரிது.